ஒப்பிக்கிறான், ஆனால் வாசிக்கத் தெரியவில்லை

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. தமிழ்ப் பாடத்தைப் பிழையில்லாமல் சொல்வான். வேறொரு கதைப் புத்தகத்தைக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, முதல் வரியைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை. அ, ஆ சொல்கிறான். க, ங, ச சொல்கிறான். சேர்த்துப் படிக்க வரவில்லை. தினமும் மாலையில் ஒரு மணி நேரம் உட்கார வைக்கிறேன், அழுகையில்தான் முடிகிறது. பக்கத்து வீட்டுச் சிறுமி ஒருத்தி, பத்து வயது, அவள் அம்மா வேலையிலிருந்து வரும்வரை எங்கள் வீட்டில் இருப்பாள். அவளுக்கும் இதே தடுமாற்றம். இரண்டு பேரையும் சேர்த்து உட்கார வைத்தால் என் மகன் இன்னும் பின்தங்குவானோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று: உங்கள் மகன் உங்களை ஏமாற்றவில்லை. நினைவாற்றல் நன்றாக இருக்கும் பிள்ளைகள்தான் பெரும்பாலும் இப்படி மாட்டிக்கொள்கிறார்கள். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து திரும்பத் திரும்பச் சொன்ன பாடம் காது வழியாகவே மனப்பாடமாகிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் படத்தைப் பார்த்ததும் முதல் சொல் நினைவுக்கு வரும். மிச்சம் தானாக ஓடும். விரல் எழுத்தின்மேல் நகர்வதால் பார்ப்பவருக்கு வாசிப்பது போலவே தெரியும். ஆசிரியருக்கும் தெரியாமல் போவது இதனால்தான்.

அவன் எந்த இடத்தில் நிற்கிறான் என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். ஒரு தாளில் நான்கு வரி எழுதுங்கள். முதல் வரியில் கலைத்துப்போட்ட உயிர்மெய்கள்: ல, ப, த, வ, ண என்று பதினைந்து. இரண்டாவது வரியில் குறி சேர்ந்தவை: கி, பே, மு, லை, தோ. மூன்றாவதில் இரண்டு மூன்று எழுத்துச் சொற்கள்: கல், படம், வீடு, பாட்டி. நான்காவதில் பொருளே இல்லாத சொற்கள்: மபல், டிகா, லோபு, நெமி. இந்த நான்காவது வரிதான் உண்மையைச் சொல்லும், ஏனென்றால் அங்கே நினைவாற்றல் உதவிக்கு வராது. எந்த வரியில் முதன்முதலாகத் திணறுகிறானோ, பாடம் அங்கே தொடங்க வேண்டும். பரீட்சை என்று சொல்லாதீர்கள். ‘இதெல்லாம் வேற்றுக்கிரகச் சொற்கள், எப்படிச் சொல்வார்கள் பார்க்கலாம்’ என்றால் சிரித்துக்கொண்டே வாசிப்பான்.

‘சேர்த்துப் படிக்க வரவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. க் என்பதை ‘இக்’ என்றும் ம் என்பதை ‘இம்’ என்றும் சொல்லிக்கொடுக்கிறோம். தனி மெய்யை வாயால் சொல்ல முன்னால் ஓர் இகரம் வேண்டியிருப்பதால் வந்த பழக்கம் அது. எழுத்தின் பெயராக அதில் குறை இல்லை. ஆனால் வாசிக்கும்போது பிள்ளை அந்த இகரத்தையும் சேர்த்து இழுத்து வருகிறான். பக்கம் என்ற சொல்லை ‘ப, இக், க, இம்’ என்று நான்காகச் சொல்லிவிட்டு, பிறகு இந்த நான்கும் சேர்ந்து என்ன ஆகும் என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறான். எத்தனை வேகமாகச் சொன்னாலும் அது ‘பக்கம்’ ஆகாது.

மாற்று எளிது. புள்ளி எழுத்தைத் தனியாக உச்சரிக்கவே விடாதீர்கள். புள்ளி வைத்த எழுத்து எப்போதும் தன் இடப்பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்பது ஒன்றே விதி. பென்சிலால் அந்த இரண்டையும் சேர்த்து அடியில் ஒரு வளைவு போடுங்கள்: பக்-கம், பட்-டம், கப்-பல், பந்-து. இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வந்தாலும் அதே விதிதான்: பார்த்-தான், வாழ்க்-கை. நான்கு எழுத்துச் சொல் இரண்டு துண்டாகச் சுருங்கியதும் பிள்ளைக்கே சொல் காதில் விழும். சில நாளில் வளைவை அவனே போடுவான். பிறகு கண்ணாலேயே போட்டுக்கொள்வான். வேறெதையும் மாற்றாமல் இதை மட்டும் மாற்றினாலே முன்னேறும் பிள்ளைகள் நிறைய.

அடுத்தது, 247 எழுத்துகளையும் அட்டவணை வரிசையில் மனப்பாடம் செய்ய வைப்பதை நிறுத்துங்கள். க, கா, கி, கீ என்று பாடுவதும் ஒப்பிப்பதுதான். நடுவில் ‘கே’யை மட்டும் காட்டினால் முதலிலிருந்து பாடிப் பார்த்துத்தான் சொல்வான். அவன் உண்மையில் அறிய வேண்டியது 18 மெய் உருவங்கள், 11 உயிர்க்குறிகள் (அகரத்துக்குக் குறி இல்லை), ஒரு புள்ளி, தனியாக நிற்கும் 12 உயிர்கள், ஆய்தம். ஆக 43. இதிலும் ங வரிசையில் இன்று புழங்குவது ஏறக்குறைய ங் மட்டும். உகர, ஊகார வடிவங்கள்தான் இந்தக் கணக்குக்குள் அடங்காமல் அடம்பிடிக்கும். அவற்றைப் பிறகு பார்ப்போம்.

பழைய அட்டைப்பெட்டியை வெட்டி 6 செ.மீ. சதுர அட்டைகள் செய்யுங்கள். முதல் வாரத்துக்கு ப, ட, ம, க, ல ஐந்து போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு அட்டை வேண்டும்; பட்டத்துக்கு இரண்டு ட, மட்டத்துக்கு அதோடு இரண்டு ம தேவைப்படும். புள்ளிக்குச் சட்டைப் பொத்தான். இதை மட்டும் வைத்துப் படம், கடல், பகல், மடல், பக்கம், பட்டம், கட்டம், கப்பல், கலகம் எல்லாம் அமைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே ஓர் அட்டையை மாற்றுங்கள்: கட்டம், பட்டம், மட்டம். என்ன மாறியது என்று அவன் பார்க்கக் கற்பதுதான் பயிற்சி. முழுச் சொல்லையும் கலைத்துப் புதிதாக வைத்தால் மறுபடி ஊகிக்கத் தொடங்கிவிடுவான்.

ஐந்தும் உறுதியான பிறகு கால் மட்டும் ஓர் ஒடுங்கிய அட்டையில் எழுதிச் சேருங்கள். கல் - கால், பல் - பால், படம் - பாடம். பிறகு இகர, ஈகாரக் குறிகள்: மடி, மாடி, பாட்டி. இதற்கு மேல் வாரத்துக்கு மூன்று மெய்யெழுத்தும் ஒரு ஜோடிக் குறியுமாகக் கூட்டினால், எழுத்துப் பெயர்கள் ஏற்கெனவே தெரிந்த பிள்ளைக்கு இரண்டு, மூன்று மாதத்தில் எல்லாம் வந்துவிடும். குறிலையும் நெடிலையும் எப்போதும் ஜோடியாகவே கொடுங்கள்: விடு - வீடு, குடை - கூடை, எடு - ஏடு, தொடு - தோடு. பொருள் மாறுவதைக் கண்டதும் நீட்டலும் குறுக்கலும் அவனுக்கே முக்கியமாகிவிடும்.

உகரத்தை வரிசைப்படி கற்பிக்காமல் உருவப்படி கூட்டுங்கள். பு, யு, வு, சு: கீழே ஒரு கோடு இறங்கும். டு, மு, ரு, ழு, ளு: அடியில் வளைந்து சுற்றி வரும். து, நு, ணு, னு, லு, று: வலப்பக்கம் வளைந்து ஏறி இறங்கும். கு தனி ஆள். மூன்றாவது கூட்டத்துக்கு ஊகாரம் சுலபம். அதே உகர வடிவத்தின் பக்கத்தில் இன்னொரு கால் போட்டதுபோல் தூ, நூ, லூ வந்துவிடும். மற்றவற்றைப் பூ, மூ, கூ, சூ எனப் பழகிய சொற்களின் வழியே பழக்குங்கள்.

கொம்புதான் நிஜமான தலைவலி. மற்ற மொழிப் பாடங்களில் இடமிருந்து வலமாக, பார்த்த வரிசையிலேயே ஒலிக்கலாம் என்று பழகிய பிள்ளைக்கு, இங்கே ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது. கொம்பைக் கண்டதும் வாய் திறந்துவிடுகிறது. பொம்மையைப் ‘பெரம்மை’ என்றும் தோட்டத்தைத் ‘தேரட்டம்’ என்றும் பிள்ளைகள் வாசிப்பது கவனக்குறைவால் அல்ல. அவர்கள் பார்த்ததைப் பார்த்த வரிசையில் சொல்கிறார்கள். அதோடு காலை ர என்று எண்ணிவிடுகிறார்கள். அச்சில் இரண்டும் அவ்வளவு ஒத்திருக்கின்றன. ர-வுக்கு அடியில் சாய்ந்த வால் உண்டு, காலுக்கு இல்லை என்று காட்டலாம். ஆனால் பல அச்செழுத்துகளில் ரி, ரீ, ர் ஆகியவற்றுக்கு அந்த வாலும் இருக்காது. மேலே புள்ளியோ குறியோ இருந்தால் அது ர, வெறுமனே நின்றால் கால் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கொம்புக்குப் பயிற்சி இப்படி. மேசையில் ப அட்டையை வையுங்கள். ‘இதைப் பெ ஆக்கு’ என்று சொல்லி, கொம்பு அட்டையை அவன் கையாலேயே இடப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். பிறகு ‘போ ஆக்கு’: இரட்டைக் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். உடல் முதலில், குறி பிறகு என்று தானே கட்டிய பிள்ளை, வாசிக்கும்போதும் நடுவில் இருப்பதை முதலில் தேடுவான். ‘கொம்பைப் பார்த்தால் வாயை மூடு, அடுத்த எழுத்தைப் பார்த்துவிட்டுத் திற’ என்று ஒரு விளையாட்டு விதியாகவும் வைத்துக்கொள்ளலாம். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு குழப்பம் நீடித்தால் பொறுமையாக இருங்கள். கெ - கே, கொ - கோ வேறுபாட்டை இன்றைய வடிவில் எழுதும் வழியைத் தந்தவர் 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர். அதற்கு முன்பு ஓலையில் வாசித்த பெரியவர்களே பல இடங்களில் இடம் பார்த்துத்தான் குறிலா நெடிலா என்று தீர்மானித்தார்கள்.

வீட்டில் பழைய புத்தகங்கள் இருந்தால் அச்சான ஆண்டைப் பாருங்கள். தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் ணை, லை, ளை, னை, ணா, றா, னா முதலான 13 எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது. வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு அந்தப் புத்தகங்கள் இப்போது வேண்டாம்.

ஒரே க இடத்துக்கேற்ப வெவ்வேறு விதமாக ஒலிப்பதைப் பற்றி (கடல், பகல், தங்கம், பக்கம்) விதி எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். தமிழ் பேசும் பிள்ளைக்கு அது ஏற்கெனவே தெரியும். பகல் என்பதை விறைப்பாக வாசித்தால், ‘இது என்ன சொல்?’ என்று மட்டும் கேளுங்கள், தானே திருத்திக்கொள்வான். திருத்த முடியாவிட்டால் அந்தச் சொல்லே அவனுக்குத் தெரியாது என்று பொருள், அப்போது சொல்லின் பொருளைச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெற்றோர் கவனிக்கத் தவறும் ஒன்று வருகிறது. எழுத்துக்கூட்டத் தெரிந்த பிறகும் பிள்ளைகள் கதைப் புத்தகத்தில் தடுக்கி விழுவது, அது அவர்கள் பேசும் தமிழாக இல்லாததால். ‘வந்துட்டிருக்கான்’ என்று பேசுகிறவன் புத்தகத்தில் ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்பதைப் பார்க்கிறான். முழுச் சொல்லையும் கூட்டி முடித்த பிறகும் காதுக்குப் பழக்கமான எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே தினமும் ஐந்து, பத்து நிமிடம் நீங்கள் அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்; பேச்சுத்தமிழில் மாற்றிச் சொல்லாமல், புத்தகத்தில் உள்ளபடியே. புரியாத இடத்தில் பேச்சில் ஒருமுறை சொல்லிவிட்டு மறுபடி எழுத்து நடைக்கு வாருங்கள். நீண்ட சொற்களை வளைவு போட்டு உடைத்துக் காட்டலாம்: வந்-து-கொண்-டி-ருந்-தார்-கள். கடைசியில் வரும் -கிறான், -தார்கள், -இலிருந்து போன்ற வால்களைத் தனி அட்டைகளில் எழுதி ஒரே பார்வையில் அடையாளம் காணப் பழக்கினால், சொல்லின் பாதி வேலை அங்கேயே தீர்ந்துவிடும்.

ந, ன, ண குழப்பம் வாசிப்பைவிட எழுதுவதில்தான் தொல்லை தரும், அதனால் இப்போது அதில் நேரம் செலவிடாதீர்கள். இரண்டு குறிப்புகள் போதும்: சொல்லின் முதலில் ன-வும் ண-வும் வராது, த-வுக்கு முன்னால் ந், ட-வுக்கு முன்னால் ண், ற-வுக்கு முன்னால் ன். பந்து, வண்டி, கன்று. ல, ள, ழ-வுக்கு இப்படிக் குறுக்குவழி கிடையாது. நிறைய வாசித்தபின் கண் பழகும்.

இனி நேரம். ஒரு மணி நேரம் இந்த வயதுக்கு மிக அதிகம், அழுகை அதனால்தான். இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். பள்ளியிலிருந்து வந்து சாப்பிட்டு, ஓடியாடி முடித்த பிறகு. ஐந்து நிமிடம் அட்டை, ஐந்து நிமிடம் வளைவு போட்டுச் சொல் வாசித்தல், மீதி புத்தகம். கடிகாரத்தை அவன் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்தாலும் இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள். வீட்டுப்பாடத்தை இந்த நேரத்துக்குள் நுழைக்காதீர்கள், அது எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

புத்தகம் அவனுக்குப் பொருந்துமா என்று பார்க்க, இருபது சொற்களை வாசிக்கச் சொல்லுங்கள். மூன்று அல்லது அதற்கு மேல் தவறினால் அது இப்போதைக்குக் கடினம், நீங்கள் வாசித்துக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள். பொருந்தும் பக்கத்தை மூன்று முறை வாசிக்கலாம். வேகம் அப்படித்தான் வரும். ஆனால் உங்கள் மகனுக்கு மூன்றாவது முறையில் மனப்பாடம் ஆகிவிடும் ஆபத்து உண்டு. அதனால் முடித்ததும் கடைசி வரியிலிருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொற்களைத் தொட்டுக் கேளுங்கள். படம் உள்ள பக்கமானால் படத்தை ஒரு தாளால் மூடிவிட்டு.

தவறும்போது உடனே சொல்லிக்கொடுக்காதீர்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அதற்கும் வராவிட்டால் தவறிய துண்டை மட்டும் பென்சில் முனையால் காட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் சொல்லிவிட்டு நகருங்கள். ‘நேற்றுத்தானே சொன்னேன்’ என்ற வாக்கியத்தால் இதுவரை எந்தப் பிள்ளையும் வாசிக்கக் கற்றதில்லை.

இப்போது பக்கத்து வீட்டுச் சிறுமி. தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் மகனுக்கு இழப்பில்லை. ஒரு சொல்லை அமைத்து மற்றவரிடம் நீட்டி ‘வாசி’ என்று கேட்கிறவர், அந்தச் சொல்லைத் தான் முதலில் சரியாகக் கட்டியிருக்க வேண்டும்; அதுவே பாதிப் பயிற்சி. அட்டை ஐந்து நிமிடமும் இருவரும் சேர்ந்து, மாறி மாறி. புத்தக நேரம் மட்டும் தனித்தனியாக: ஒருவர் உங்களோடு வாசிக்கையில் மற்றவர் நோட்டில் ஐந்து சொற்களுக்கு வளைவு போடட்டும். இதனால் உங்களுக்கு மொத்தம் அரை மணி ஆகும், பிள்ளைகளுக்குப் பாட நேரம் அதே இருபது நிமிடம்தான்.

அவளிடம் கவனிக்க வேண்டியது வேறு. பத்து வயதுப் பெண்ணின் கையில் மழலையர் புத்தகத்தைக் கொடுத்தால் கூசிப்போவாள். எளிய புத்தகத்தை அவள் வாசிக்க ஒரு கௌரவமான காரணம் வேண்டும். அது உங்கள் மகனே. ‘தம்பிக்கு இதை வாசித்துக் காட்டுகிறாயா? முதலில் நீ ஒருமுறை பார்த்துக்கொள்’ என்று கொடுங்கள். அந்த ‘ஒருமுறை’யில் நீங்கள் பக்கத்தில் இருந்து உதவலாம். ஆனால் அவளையே எப்போதும் டீச்சராக்கி விடாதீர்கள். தெரியாததை மறைத்துக்கொள்ள அது வசதியாகிவிடும். மேலே சொன்ன நான்கு வரிச் சோதனையை அவளுக்கும் தனியாக, உங்கள் மகன் இல்லாத நேரத்தில் செய்யுங்கள். ஒருவர் முன்னால் மற்றவரின் மதிப்பெண்ணைப் பேசவே பேசாதீர்கள்.

அவள் அம்மாவிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ‘உங்கள் மகளுக்குப் படிக்கத் தெரியவில்லை’ என்று தொடங்காமல், ‘என் பையனுக்கு வாசிக்கப் பழக்குகிறேன், இவளும் கூட உட்கார்ந்தால் அவனுக்குத் துணையாக இருக்கும், உங்களுக்குச் சம்மதமா?’ என்று கேளுங்கள். வீட்டில் ஐந்து நிமிடம் அவள் வாசிப்பதைக் கேட்டால் போதும் என்று சொல்லலாம். அந்த அம்மாவுக்கே வாசிப்பு வராமல் இருக்கலாம்; அப்படித் தோன்றினால், வாசித்த கதையை மகள் வாயால் சொல்லக் கேட்கச் சொல்லுங்கள். உங்களால் முடியாத நாளை முன்கூட்டியே இருவரிடமும் சொல்லிவிடுங்கள்.

கண்ணையும் காதையும் பார்த்துவிடுவது நல்லது. புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பது, ஒரு கண்ணைச் சுருக்குவது, வரி தாவுவது, வாசித்தபின் தலைவலி என்பது, பேசியதைத் திரும்பக் கேட்பது, அடிக்கடி காதில் சீழ் வருவது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். இவை எதுவும் இல்லாமல், மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும், நேற்று உறுதியாகச் சொன்ன எழுத்து இன்று முற்றிலும் மறந்துபோகிறது, இரண்டு துண்டை ஒட்டவே முடியவில்லை என்றால், டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சோம்பலும் அல்ல, அறிவுக் குறைவும் அல்ல. குடும்பத்தில் வேறு யாருக்கேனும் வாசிப்பில் இதே சிரமம் இருந்திருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளியில் சிறப்புக் கல்வி ஆசிரியர் இருந்தால் அவரிடம், இல்லாவிட்டால் குழந்தை நல மருத்துவரிடம் தொடங்குங்கள்.

எப்படியானாலும் இன்றிலிருந்தே ஒரு நோட்டு வையுங்கள், பிள்ளைக்கு ஒன்றாக. நாள் போட்டு, அன்று தவறிய சொல்லையும் அவன் வாசித்த விதத்தையும் அப்படியே எழுதுங்கள்: ‘தோட்டம் - தேரட்டம்’. ஒரே வகைத் தவறு திரும்பத் திரும்ப வந்தால் அடுத்த வார அட்டை அதற்கே. யாரிடமாவது காட்ட நேர்ந்தாலும், ‘தமிழ் சரியாக வரவில்லை’ என்று சொல்வதைவிட அந்த நோட்டின் இரண்டு பக்கம் அவர்களுக்கு அதிகம் உதவும்.